சாமி கும்பிடுவதற்கும் மணிக்கூடா?

போன மாதம் நடுவர் பயிற்சி முடித்த நம்முடைய தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் ஒரு வீட்டில் கூடியிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பல வருடமாக ஒஸ்லோவில், கோலால் பந்தை அடித்து மேசைக் குழிகளில் இறக்கும் பூல் ஆட்ட மண்டபங்களில் நடுவராக நின்று, முழங்கால் இரண்டும் மறியல் செய்த பிறகு வேலையை விட்டவன் நான். ஏதாவது புத்திமதி கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

"அங்கிள், யோசிச்சு மெதுவா விளையாடுறவரையும் வேணுமெண்டு இழுக்கிறவரையும் எப்பிடிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் அந்த நேரம் என் வாயில் கட்லட் இருந்தது. "பழகப் பழகத் தெரியும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டா, "அதெல்லாம் ஒரு பதிலே?" என்று. இல்லைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் முதலில் சொல்கிறேன். உதைபந்தாட்ட நடுவருக்கு விசில் இருக்கிறது, சிவப்பு அட்டை இருக்கிறது, ஓடித் தப்ப மைதானமும் இருக்கிறது. பூல் நடுவருக்கு ஒரு மேசை, ஒரு சோடி வெள்ளைக் கையுறை, அடக்கமான ஒரு குரல், அவ்வளவுதான். ஆட்டக்காரருடைய மூச்சு கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு அவரிடம் "நீங்கள் செய்வது சரியில்லை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அதே இடத்திலேயே நிற்கவும் வேண்டும்.

மெதுவாக ஆடுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பனிக்குள்ளால் வந்தவருக்குக் கண்ணாடியில் ஆவிப் புகார் படிந்தால் துடைக்கத்தான் வேண்டும், விடுங்கள். புதிதாகப் போட்டிக்கு வந்தவர் பயத்தில் கியூக் கோலின் நுனி வழுக்காமல் இருக்கச் சாக் தூள் பூசிப் பூசியே அரை நாளைப் போக்குவார், அவரையும் விடுங்கள். அவருக்குத் தேவை எச்சரிக்கை இல்லை, ஒரு மிடறு தண்ணீர். ஒரு நோர்வேக்காரர் இருந்தார். எதிராளி தொடர்ந்து பந்துகளை இறக்கத் தொடங்கினால் அவருக்கு உடனே கழிவறைக்குப் போக வேண்டும். தான் இறக்கும்போது அவருடைய சிறுநீர்ப்பை நல்ல ஆரோக்கியமாக இருக்கும். அவரிடம் நான் ஒருநாள், "அடுத்த ஆட்டத்துக்கு முன் வைத்தியரைப் பாருங்கள், அவருடைய கடிதம் இருந்தால் எத்தனை தரமும் போகலாம்" என்று மிகுந்த அக்கறையோடு சொன்னேன். அதோடு அந்த நோய் மாறிவிட்டது.

எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் ஒரு நோர்வே அம்மா. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் இன்றும் உதவுகிறது. எச்சரிக்கை கொடுக்கும்போது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எனக்கு இயல்பிலேயே கோபம் மூக்குநுனியில் இருக்கிறபடியால் இதைப் பழக நிறையக் காலம் பிடித்தது.

இதெல்லாம் சில்லறைச் சம்பவங்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு உண்மையான பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்த ஒரே ஒரு ஆட்டத்தில் இருக்கிறது.

அது ஒஸ்லோவுக்கான தெரிவுப் போட்டியின் கடைசி ஆட்டம். வென்றவர் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஒரே ஒரு இடம், இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழர், நடுவரும் தமிழன். மண்டபத்தில் இருந்த நோர்வேக்காரருக்கு இது காணாத பெரிய புதினம். எனக்குப் பெரிய தலையிடி.

ஒருவர் கிருபாகரன். கிருபா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தவர், ஐம்பது வயது தாண்டியவர், ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். அவருடைய மனைவியும் என் மனைவியும் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போய் வருவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஆட்டக்காரர். பல வருடமாகக் கடைசி ஆட்டம் வரை வந்து வந்து தோற்றவர். வயது ஏறுகிறது, கண் முந்தி மாதிரி இல்லை, இந்த முறை விட்டால் பிறகு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மற்றவர் நிவேதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. கணினி வேலைக்காக ஒஸ்லோ வந்து, குரோருட்டில் வாடகைக்கு இருந்தாள். இங்கே வந்த பிறகுதான் பூல் பழகினாள், ஆனால் பந்து அவள் சொன்னதைக் கேட்டது. கோடையோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறாள் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். அவளுக்கும் இதுதான் முதலும் கடைசியுமான வாய்ப்பு.

ஆட்டம் ஒன்பது பந்து. வெள்ளைப் பந்தால் சிறிய எண்ணில் இருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போய், தவறவிட்டால் எதிராளிக்கு மேசையை விட்டு, கடைசியில் ஒன்பதாம் பந்தை இறக்குபவருக்கு ஒரு ஆட்டம். முதலில் ஒன்பது ஆட்டம் வெல்பவருக்குப் போட்டி.

ஹொல்ம்லியாவில் இருந்து கிருபாவுக்கு ஆதரவாக ஒரு கூட்டமே வந்திருந்தது. சாப்பிட ரோல்ஸ் பெட்டியோடு வந்தார்கள். நிவேதாவுக்கு அவளுடைய வேலையிடத்துத் தோழி ஒருத்தி மட்டும்.

கிருபாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு வந்ததும் கியூவைக் கண்ணில் ஒற்றி, கண்ணை மூடி, "முருகா" என்று உதடு அசைய ஒரு கணம் நிற்பார். பிறகுதான் குனிவார். இது நடிப்பு இல்லை. எங்களில் கடை திறக்கிறவர் திறப்பைக் கண்ணில் ஒற்றுவதில்லையா, பஸ் ஓட்டுகிறவர் சுக்கானைத் தொட்டுக் கும்பிடுவதில்லையா, அந்த மாதிரித்தான். நோர்வே ஆட்டக்காரரும் அதற்குப் பழகியிருந்தார்கள். ஒருவரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அன்று கிருபா முதலில் நன்றாக முந்தினார். அந்த நேரமெல்லாம் கும்பிடு ஒரு மூச்சு நேரம்தான். பிறகு நிவேதா பிடிக்கத் தொடங்கினாள். ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், அடுத்ததும் அவளுக்கே. அவள் கை சூடாகிவிட்டது என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்தது. அப்போதுதான் கிருபாவின் பக்தி வளரத் தொடங்கியது.

முதலில் மேசைக்கு வரும்போது மட்டும் கும்பிட்டவர், பிறகு ஒவ்வொரு அடிக்கு முன்னும் கும்பிட்டார். மூச்சு நேரம் நீண்டு, தேவாரம் ஒன்று முழுதாகப் பாடி முடிக்கிற நேரமானது. பொக்கற் குழியின் வாயில் நிற்கிற பந்து, சின்னப் பிள்ளையும் ஊதி விழுத்தும், அதற்கும் கண்ணை மூடி நின்றார். குனிந்து, எழும்பி, மேசையைச் சுற்றி வந்து, மறுபடி கண்ணில் ஒற்றி, மறுபடி மூடி. பின்னால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் பக்தியோடு அமைதியானார்கள்.

நிவேதா கதிரையில் இருந்தாள். முதலில் முதுகு நேராக இருந்தது. பிறகு சாய்ந்தது. பிறகு கையை உரசிச் சூடாக்கத் தொடங்கினாள். பூல் ஆடினவர்களுக்குத் தெரியும், கை குளிர்ந்தால் ஆட்டமும் குளிர்ந்துவிடும். அவள் மறுபடி எழும்பி வந்தபோது லேசான ஒரு பந்தைத் தவறவிட்டாள்.

இங்கேதான், பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிருபா உண்மையாகக் கும்பிடுகிறாரா இழுக்கிறாரா என்பது அந்த மண்டபத்தில் இருந்த நடுவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் நான் அவரோடு கோயிலில் நின்றவன். கோயிலில் அவர் கும்பிடுகிற வேகம் எனக்கு நன்றாகத் தெரியும். தீபம் காட்டி முடிய முதலே திருநீற்றைப் பூசிக்கொண்டு சப்பாத்தைத் தேடிப் போகிற ஆள் அவர். சர்க்கரைப் பொங்கல் வரிசையில் எப்போதும் முதலாவதாக நிற்பவர். முருகனுக்கு முன்னாலேயே அவ்வளவு நேரம் நிற்காத மனிசன், ஏழாம் பந்துக்கு முன்னால் நிற்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே கோபம் வந்தது. ஆனால் கோயிலில் பார்த்தது மேசையில் சாட்சி ஆகாது. நடுவருக்கு ஒருவரைப் பற்றித் தெரிந்தது வேறு, நடுவர் தீர்ப்புச் சொல்லக்கூடியது வேறு. உங்கள் ஊர்க்காரர், அயலவர், சொந்தக்காரர் ஆடும்போது இந்தக் கோட்டை மறக்காதீர்கள். மேசையில் நான் பார்த்தது என்ன? முந்தி நிற்கும்போது குறுகிய நேரம், எதிராளி நெருங்கும்போது நீண்ட நேரம். கஷ்டமான அடிக்கும் லேசான அடிக்கும் ஒரே நேரம். உண்மையாக யோசிக்கிறவர் கஷ்டமான அடிக்குத்தான் யோசிப்பார். இழுக்கிறவருக்குப் பந்து முக்கியம் இல்லை, கதிரையில் இருக்கிறவர்தான் முக்கியம். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

முதலில் விதிப்படி ஒரு நினைவூட்டல் கொடுத்தேன். நோர்வேஜிய மொழியில், இரண்டு பேருக்கும் கேட்க, "ஆட்டத்தைக் கொஞ்சம் வேகமாகக் கொண்டு போங்கள்" என்றேன். கிருபா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்றார் தமிழில்.

அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் நீளமாகக் கும்பிட்டார்.

அந்த ஆட்டம் முடிந்து, பந்துகளை மறுபடி அடுக்குகிற இடைவெளியில் நிவேதா என் பக்கமாக வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்காதீங்க. அவருக்கு நீங்க அண்ணன். எனக்கு நீங்க சார். இது ரெண்டும் ஒண்ணு இல்ல சார்."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவள் சொன்னது நியாயம். "அண்ணை" என்ற சொல்லை எங்கள் ஆட்கள் மேசையில் சாக் மாதிரிப் பாவிப்பார்கள். வழுக்குகிற இடத்தில் பூசிக்கொள்வார்கள். நீங்கள் நடுவராக நிற்கும்போது ஒருவர் அண்ணை என்றோ அக்கா என்றோ கூப்பிட்டால் முகத்தைத் திருப்ப வேண்டாம், பதிலும் சொல்ல வேண்டாம். அந்த நேரம் நீங்கள் ஒருவருக்கும் அண்ணை இல்லை.

"நடுவர்மேல் முறைப்பாடு இருந்தால் போட்டி இயக்குநரிடம் சொல்லலாம்" என்றேன் அவளிடம்.

"சொன்னா என்ன ஆகும்? சாமி கும்பிடறதை நிறுத்தச் சொன்னாள்னு என்னைத்தான் பேசுவாங்க. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. உங்களுக்குத் தெரியும்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தாள்.

நான் நேரே போட்டி இயக்குநரிடம் போனேன். உயரமான, நல்ல மனம் கொண்ட நோர்வேக்காரர். பிரச்சினை என்றால் கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகிறவர். "இரண்டு பேருக்கும் நேரக் கட்டுப்பாடு கொண்டு வரப் போகிறேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "அது அவருடைய மத நம்பிக்கை அல்லவா? நாங்கள் அதில் கை வைக்கக் கூடாது. நாளைக்குப் பத்திரிகையில் வரும். நீ அதே சமூகத்தைச் சேர்ந்தவன், நீ அவரோடு உங்கள் மொழியில் மெதுவாகப் பேசிப் பார்க்கலாமே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரியாதையாக நடப்பதாகத்தான் நினைத்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் கிருபாவிடம் போய்த் தமிழில் குசுகுசுத்தால் எப்படி இருக்கும்? நோர்வேக்காரருக்கு விளங்காது. நிவேதாவுக்கு விளங்கினாலும், அண்ணை தம்பியோடு கதைக்கிறார் என்றுதான் தெரியும். ஒருவருடைய கடவுளைக் கண்டு பயந்து அவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு ஒரு விதி வைப்பது மரியாதை இல்லை. அவரைச் சாதாரண ஆட்டக்காரராக எண்ணவே மறுப்பது அது.

"நான் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கப் போவதில்லை. நேரத்தைப் பற்றி மட்டும்தான்" என்றேன்.

"அப்படியானால் உன்னுடைய பொறுப்பு" என்று சொல்லிக் கோப்பியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

மேசைக்கு வந்தேன். எட்டுக்கு ஏழு, கிருபா முன்னிலை. அவருக்கு இன்னும் ஒரு ஆட்டம் போதும். பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னேன். இனி ஒவ்வொரு அடிக்கும் அரை நிமிடம், பத்துச் செக்கன் இருக்கும்போது நான் சொல்வேன், நேரம் தாண்டினால் தவறு, எதிராளி வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம், இது இரண்டு பேருக்கும்.

 கிருபா கியூவை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணை இது? சாமி கும்பிடுறதுக்கும் மணிக்கூடோ?" தமிழில், பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

பதிலை நோர்வேஜிய மொழியில்தான் சொன்னேன். "கும்பிடுவதற்கு மணிக்கூடு இல்லை. நிவேதா மேசையில் நிற்கும் நேரம் முழுவதும் உங்கள் கதிரை உங்களுடையது. கண்ணை மூடி எவ்வளவு நேரமும் இருக்கலாம், ஒருவரும் பார்க்க மாட்டோம். மேசைக்கு வந்தால் அரை நிமிடம்."

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "ஓ, பெரிய வெள்ளைக்காரன்! தமிழிலை சொன்னால் வாய் நோகுமோ?" ஆரென்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

நிவேதாவின் முகத்தைப் பார்த்தேன். நன்றியும் இல்லை, சந்தோசமும் இல்லை. அவள் நெற்றி சுருங்கியது. ஏனென்று எனக்கு உடனே விளங்கியது. அவள் லேசான பந்துக்கு வேகமாகவும் கஷ்டமான பந்துக்கு நேரமெடுத்து ஆறுதலாகவும் யோசித்து ஆடுகிறவள். இந்த மணிக்கூடு அவளுக்கும்தான் ஓடப் போகிறது. வேறு வழி இல்லை. ஒருவருக்கு மட்டும் மணிக்கூடு வைத்தால் அது தண்டனை, இரண்டு பேருக்கும் வைத்தால்தான் அது விதி.

அடுத்த ஆட்டத்தை அவள் வென்றாள். எட்டுக்கு எட்டு. கடைசி ஆட்டம்.

கிருபா அதில் கும்பிடவே இல்லை. நேரத்துக்குள் மளமளவென்று ஆடினார், நன்றாகவும் ஆடினார். இழுக்காமல் ஆடினால் எவ்வளவு அழகான ஆட்டம் அவருடையது என்று எனக்கே மனம் நொந்தது. மூன்று பந்தை இறக்கி நாலாவதைத் தவறவிட்டார். நிவேதா எழும்பி வந்து நாலையும் ஐந்தையும் இறக்கினாள். ஆனால் வெள்ளைப் பந்து ஓடிப்போய் எட்டாம் பந்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. ஆறாம் பந்து நேரே தெரியவில்லை. வெள்ளைப் பந்தை மேசை விளிம்பில் மோதவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அவள் குனிந்தாள். எழும்பினாள். மறுபக்கம் போய்க் கோணம் பார்த்தாள்.

"பத்து" என்றேன்.

திரும்பி ஓடி வந்து குனிந்தாள்.  கியூவைப் பின்னால் இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள்.

நேரம் முடிந்தது.

அந்த ஒரு செக்கனில் எனக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இவ்வளவு நேரமும் இழுத்தவர் அவர், கடைசியில் மாட்டியது இவள், கண்டும் காணாமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று ஓடியது. வாய் மட்டும் வேலையைச் செய்தது.

"நேரத் தவறு" என்றேன்.

பின்வரிசை கைதட்டியது. வெட்கம் கெட்ட கைதட்டல். தவறுக்குக் கைதட்டுவதை அன்றும் இன்றும் என்னால் சகிக்க முடியாது. நிவேதா நிமிர்ந்தாள். வெள்ளைப் பந்தை எடுத்துக் கிருபாவின் பக்கமாக மெதுவாக உருட்டிவிட்டுப் போய் இருந்தாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நடுவருக்கு அழ அனுமதி இல்லை, அதனால் கையுறையைச் சரிசெய்தேன்.

கிருபா வெள்ளைப் பந்தை வசதியான இடத்தில் வைத்தார். ஆறு போனது. ஏழு போனது. எட்டு போனது. ஒன்பது பொக்கற்றுக்கு நேர் எதிரே, சற்றே ஒரு பக்கம். இதை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவர் இறக்குவார். நேரம் நிறைய இருந்தது. விரும்பியிருந்தால் ஒரு "முருகா" சொல்லிவிட்டே அடித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. குனிந்தார், அடித்தார். பந்து பொக்கற்றின் ஒரு தாடையில் மோதி, மறு தாடையில் மோதி, வாயிலேயே நின்றுவிட்டது.

நிவேதா எழும்பி வந்து அதை இறக்கினாள். மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

வழமை என்னவென்றால், தோற்றவர் வந்து கை கொடுப்பார். நிவேதா கையை நீட்டினாள். கிருபா அந்தக் கையைத் தாண்டி நேரே இயக்குநரிடம் போனார்.

"முறைப்பாடு தருகிறேன்" என்றார். அழகான நோர்வேஜிய மொழியில், நிதானமாக. "என் கடவுளை வணங்க விடாமல் நடுவர் தடுத்தார். அதனால்தான் தோற்றேன். இந்த ஆட்டத்தைத் திரும்ப வைக்க வேண்டும்."

இயக்குநர் எங்கள் மூன்று பேரையும் கோப்பி மெசின் இருக்கிற சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். அவருக்கு வியர்த்தது. "திரும்ப வைப்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்" என்றார். அதாவது நிவேதா வென்ற இடம் இன்னும் அவளுடையது இல்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் இன்னும் கியூ இருந்தது, அதை இரண்டாகக் கழற்றிப் பையில் வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கேட்டார். நான் நடந்ததை மட்டும் சொன்னேன். நேரக் கட்டுப்பாடு இரண்டு பேருக்கும். நேரத் தவறு நடந்தது ஒன்றே ஒன்று, அது நிவேதாவுக்கு. கும்பிடுவதற்கு எதிராளி ஆடும் நேரம் முழுவதும் திறந்திருந்தது, அதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அந்த நேரத்தில் கிருபா கண்ணை மூடியதை நான் பார்க்கவில்லை. இவ்வளவுதான். கோயில், சப்பாத்து, சர்க்கரைப் பொங்கல் எதையும் வாயில் எடுக்கவில்லை.

இயக்குநர் கிருபாவைப் பார்த்தார். "கதிரையில் இருந்து வணங்கியிருக்கலாம் அல்லவா?"

"அது முறை இல்லை" என்றார் கிருபா. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், சலித்துக்கொண்டு சொன்னார்: "இவைக்கு உது எங்கை அண்ணை விளங்கப்போகுது? கதிரையிலை குந்திக்கொண்டு ஆராவது கும்பிடுவினமே?"

அதற்குப் பதிலை நிவேதா சொன்னாள். அந்த மத்தியானம் முழுவதிலும் அவள் கிருபாவோடு நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் கும்பிட்டேங்க. நீங்க கண்ணை மூடி நின்னப்பல்லாம் நான் நாற்காலில உக்காந்துக்கிட்டு அதே முருகனைத்தான் கும்பிட்டேன். நீங்க நல்லூர், நான் மருதமலை, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணைத் தொறந்துதான் வெச்சிருந்தேன். அதுக்காக உங்களை ஒரு நிமிஷம் கூடக் காக்க வெக்கல. என் கையை ஆற வெக்கறதுக்கு இல்லாம, நெசமாவே கும்பிட்டுத்தான் நின்னீங்கன்னா, அதை அந்த முருகன் முன்னாடி நின்னு சொல்லுங்க. நான் இப்பவே திரும்ப ஆடறேன்."

கிருபாவின் பார்வை நிலத்துக்குப் போனது.

இயக்குநர் என்னிடம் திரும்பினார். "அவள் என்ன சொன்னாள்? எனக்கு மொழிபெயர்த்துச் சொல்."

நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கிருபா கையை உயர்த்தினார்.

"வேண்டாம்" என்றார் நோர்வேஜிய மொழியில், அவசரமாக. "நான் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கிறேன்."

"ஆனால் அவள் என்னதான் சொன்னாள்?" என்று இயக்குநர் மறுபடி என்னைக் கேட்டார்.

"முறைப்பாடு இல்லை என்றால் மொழிபெயர்ப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி, கிருபா நிவேதாவுக்குக் கை கொடுக்கும் வரை கதவடியிலேயே நின்றேன்.